ஆற்றைப் படிக்கும் கலை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் இலக்கியச் சொற்பொழிவும் இடம்பெறுவது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அவற்றினிடையே, ஆற்றில் மிதவை செலுத்துவதைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. நாம் ஹரித்துவாரத்துக்கு அருகே குடியிருக்கிறோம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் கங்கையில் நீராடச் செய்து, அடுத்த நாளே ரிஷிகேசத்துக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே பாலத்தின்மேல் நின்று பார்த்தால், கீழே வண்ண வண்ணமான ரப்பர் மிதவைகள் ஆரவாரத்துடன் வந்துகொண்டிருக்கும். "நாமும் போகலாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "அந்தப் பக்கமே திரும்பாதே" என்று பாட்டிமார் தடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டாகத் தோன்றுகிறது. பாட்டிமாருக்கு அது வெறும் ஆபத்தாகத் தோன்றுகிறது. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

நம் காலனியைச் சேர்ந்த நாங்கள் ஐவர், கடந்த இரண்டு பருவங்களாக விடுமுறை நாட்களில் இக்கலையைப் பயின்று வருகிறோம். பயணிகளாக அமர்ந்து செல்வதற்கன்று. பின்னிருந்து மிதவையை நடத்திச் செல்வதற்கு. நாங்கள் இன்னும் மாணாக்கரே. எனினும், கற்ற அளவில் ஒன்றைத் துணிந்து சொல்லலாம். மிதவை செலுத்துபவனுக்குத் தோள்வலி ஓரளவு போதும். கூரிய கண்ணும் தெளிந்த சொல்லும் மிகுதியாக வேண்டும். "இன்று வேண்டாம்" என்று சொல்லும் துணிவோ எல்லாவற்றினும் மிகுதியாக வேண்டும். இக்கருத்தையே இன்று விரித்துரைக்க எண்ணுகிறோம்.

ஆறும் அதன் தரங்களும்

பாகீரதியும் அலகநந்தாவும் தேவப்பிரயாகையில் ஒன்று கூடுகின்றன. கூடிய பின்னரே ஆற்றுக்குக் கங்கை என்னும் பெயர் வழங்குகிறது. அங்கிருந்து மலைகளைக் குடைந்துகொண்டு இறங்கி, ரிஷிகேசத்தில் சமவெளியை எட்டுகிறது. இவ்வழியிலுள்ள கௌடியாலாவிலிருந்து ரிஷிகேசம் வரை ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளத்தில் மிதவைப் பயணம் நடைபெறுகிறது. பெரும்பாலோர் சிவபுரியில் ஏறி ஏறத்தாழ 16 கிலோமீட்டர் செல்வர். சிறுவரும் முதியவரும் அதற்கும் கீழே பிரம்மபுரியில் ஏறுவதுண்டு.

இவ்வழி முழுவதும் ஆறு ஒரே வகையாக ஓடுவதில்லை. சில இடங்களில் குளம்போல் அமைதியாக நகரும். சில இடங்களில் படுகை சரிந்து, பாறைகளுக்கிடையே நீர் கொந்தளித்துப் பாயும். இவ்வாறு கொந்தளிக்கும் இடத்தை இங்கே எல்லோரும் 'ரேபிட்' என்கிறார்கள். ஒவ்வொரு ரேபிட்டுக்கும் மிதவைக்காரர்கள் ஒரு பெயர் இட்டிருக்கிறார்கள். 'தி வால்' என்றால் சுவர். 'திரீ பிளைண்ட் மைஸ்' என்றால் மூன்று குருட்டு எலிகள். 'ரிட்டர்ன் டு செண்டர்' என்றால், தபால் நிலையத்தார் முத்திரை குத்துவதுபோல, அனுப்பியவருக்கே திருப்புக! 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்', 'கிளப் ஹவுஸ்', 'டபுள் டிரபுள்' என்று இன்னும் பல உண்டு. பெயரில் விளையாட்டு இருந்தாலும், இட்டவர்கள் அந்நீரை நன்கு அறிந்தவர்கள்.

கொந்தளிப்பின் கடுமையை அளக்க, உலகெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் தரம் எளியது. ஆறாம் தரம் வல்லுநரும் தயங்குவது. சிவபுரிக்குக் கீழே பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தரங்களே காணப்படுகின்றன. மேலே உள்ள 'தி வால்' நான்காம் தரத்தைச் சேர்ந்தது. ஆயினும், இத்தரம் கல்வெட்டில் பொறித்தது போன்றதன்று. நீரின் அளவு மாறினால் தரமும் மாறும். பருவம் செப்டம்பர் இறுதியில் தொடங்கி ஜூன் வரை நீடிக்கிறது. மழைக்காலமாகிய ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆறு பெருகிக் கலங்கியிருக்குமாதலால் பயணம் நிறுத்தப்படுகிறது. குளிர்காலத்தில் நீர் குறைந்து பச்சை நிறமாகத் தெளிந்திருக்கும். கோடையில் பனி உருகி வெள்ளம் ஏறும். பாகீரதியின் குறுக்கே 260 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் டெஹ்ரி அணையில் 2006-ஆம் ஆண்டில் மின் உற்பத்தி தொடங்கியது. அணையிலிருந்து விடும் நீருக்கேற்ப, மழையே இல்லாத நாளிலும் ஆற்றின் மட்டம் ஏறி இறங்கக்கூடும். நேற்றுத் தலை நீட்டிக்கொண்டிருந்த பாறை இன்று நீருள் மறைந்திருக்கும். ஆகையால் வழிகாட்டியானவன் காலையில் கரைக்கு வந்ததும் முதற்கண் செய்ய வேண்டிய வேலை, தனக்குத் தெரிந்த ஓர் அடையாளக் கல்லைப் பார்ப்பதே. நீர் எத்தனை விரற்கடை ஏறியிருக்கிறது என்று அதனைக் கேட்ட பிறகே மற்றவரிடம் பேச வேண்டும்.

மிதவையும் அதில் ஏறுவோரும்

மிதவையைப் 'புணை' என்று நம் முன்னோர் வழங்கினர். பாறையில் மோதி இரையும் பேராற்றின் வழியே செல்லும் புணைக்கு வாழ்க்கையை ஒப்பிட்ட சங்கப் புலவரை நீங்கள் அறிவீர்கள். ஒகேனக்கல்லில் ஒற்றைத் துடுப்புடன் பரிசல் தள்ளுவோரையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இங்குள்ள மிதவை அவற்றின் உறவினமே. ஏறத்தாழ 14 முதல் 16 அடி நீளமுள்ளது; தடித்த ரப்பர்த் துணியால் ஆனது. அதன் சுற்றுக்குழாய் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை தாங்கும். அடித்தளத்திலும் காற்று அடைத்து, அதனைக் குழாயோடு கயிற்றால் பின்னியிருப்பார்கள். மேலே வந்து விழும் நீர் அப்பின்னலின் இடைவெளிகள் வழியே தானே வடிந்துவிடும்.

மிதவைகளில் இரு வகை உண்டு. ஒன்றில், நடுவே சட்டம் பொருத்தி, இரண்டு நீண்ட துடுப்புகளை ஒருவரே வலிப்பார். ஏனையோர் வெறுமனே அமர்ந்திருப்பர். மற்றொன்றில், இரு பக்கமும் ஆறு முதல் எட்டுப் பேர் அமர்ந்து, ஆளுக்கொரு துடுப்புப் போடுவர். பின்னால் ஒரு துடுப்புடன் வழிகாட்டி அமர்ந்திருப்பார். நாங்கள் பயில்வது இந்த இரண்டாம் வகை. இதில் மிதவைக்கு எந்திரம் யார்? அந்த எட்டுப் பேரே. அவர்கள் நேற்று வரை அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவர்கள். கல்லூரியில் தேர்வு எழுதியவர்கள். ஆற்றையே முதன்முறையாகக் காண்பவர்கள். ஆட்களும் மிதவையுமாகச் சேர்ந்து அரை டன்னுக்கு மேல் நிறையுள்ள இப்பாரத்தை, பின்னிருக்கும் ஒருவனுடைய துடுப்பு எவ்வளவு திருப்பிவிட முடியும்? ஓரளவுதான். எஞ்சியதையெல்லாம் சொல்லாலேயே செய்வித்தல் வேண்டும். எங்களுக்குப் பயிற்சி அளிக்கும் கடுவாலி வழிகாட்டியை நாங்கள் 'பைஜி' என்று அழைப்போம். அம்மொழியில் அண்ணன் என்று பொருள். தொடக்க நாட்களில் அவர் எங்கள் கையிலிருந்த துடுப்பை வாங்கிக் கீழே வைத்துவிடுவார். "இப்போது வாயால் திருப்பிக் காட்டு" என்பார். அமைதியான நீரில், எட்டுப் பேரைச் சொல்லாலேயே வட்டமிடச் செய்து, சொன்ன கல்லருகே கொண்டுபோய் நிறுத்த முடிந்த பின்னரே துடுப்பு திரும்பக் கைக்கு வரும்.

நீரைப் படித்தல்

அதற்கும் முன்னதாக, முதல் மூன்று நாட்கள் மிதவையிலேயே ஏறவில்லை. ரேபிட்டுக்கு மேலே ஒரு பாறையில் அமர்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதே பாடம். சுள்ளியொன்றை நீரில் எறிய வேண்டும்; அது எவ்வழியே சென்று எங்கே நிற்கும் என்று முன்னதாகவே சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாமே வெறும் வெண்ணுரையாகத் தோன்றியது. மூன்றாம் நாள் மாலையில் எழுத்துக்கள் புலப்படலாயின.

அவ்வெழுத்துக்களுள் சிலவற்றைச் சொல்கிறோம். இரு பாறைகளுக்கிடையே நீர் வழவழப்பாக, நாக்கு நீட்டியதுபோல், கீழ்நோக்கிக் குவிந்து செல்லுமானால் அதுவே வழி. அக்குவியலின் முனை நம்மை நோக்கி, அதாவது மேல்நோக்கி இருக்குமானால், முனையில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது என்று பொருள். நீர் மென்மையாக மேடுகட்டி, மறுபுறம் சட்டென்று வெள்ளை நுரையாகச் சரியுமானால், பாறை நீருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதன் பின்னே குழி இருக்கிறது. குழியில் விழும் நீர் கீழே சென்று மேலே புரண்டு, மீண்டும் குழிக்குள்ளேயே திரும்பும். பெரிய குழி, ஆளையோ மிதவையையோ விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அலைகளும் பேசுகின்றன. கடலில் அலை நகரும். நீர் பெரும்பாலும் இடத்திலேயே ஏறி இறங்கும். ஆற்றிலோ அலை நின்ற இடத்திலேயே நிற்க, நீர் அதனூடே ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக நிற்கும் அலைவரிசை, ஆழத்தையும் பாதுகாப்பையும் காட்டுகிறது. வரிசைக்குப் பொருந்தாமல் தனியே துள்ளும் அலை, அடியில் கல் இருப்பதைக் காட்டுகிறது. பாறையின் பின்புறத்தில் நீர் திரும்பி மேல்நோக்கி மெல்லச் செல்லும். இந்த எதிர்ச்சுழலை 'எடி' என்பர். கொந்தளிப்பின் நடுவே கிடைக்கும் திண்ணை அது. மிதவையை அங்கே ஒதுக்கி மூச்சு வாங்கலாம். பின்னால் வருவோருக்காகக் காத்திருக்கலாம். ஆனால் கீழ்நோக்கிய ஓட்டமும் மேல்நோக்கிய சுழலும் உரசும் கோட்டைக் கடக்கும்போது கவனம் தேவை. அரைமனத்தோடு கடக்கும் மிதவையை அக்கோடு சுழற்றிவிடும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையான எழுத்து ஒன்று உண்டு. தொலைவில் ஆறு ஒரு கோட்டோடு முடிந்துவிட்டதுபோல் தோன்றி, அதற்கப்பால் இரைச்சலும் நீர்த்திவலையும் மட்டும் எழுமானால், ஆறு அங்கே கீழே விழுகிறது. அப்போது கரையில் ஒதுங்கி, இறங்கி நடந்து சென்று, கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். பார்க்காமல் போவது வீரமாகாது.

கோணமும் காலமும்

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் வலிமை நான்கு மடங்காகும். ஆதலால், நேருக்கு நேர் நின்று ஆற்றைத் தள்ளிவிட எவராலும் இயலாது. அதன் வலிமையை நமக்காக உழைக்கச் செய்யும் வழி ஒன்றே உண்டு, அதுதான் கோணம். மிதவையை ஓட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, ஓட்டத்தை எதிர்த்து இதமாகத் துடுப்புப் போட்டால், ஆறே அதனைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆறு இடப்புறமாக வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரெல்லாம் வெளிப்புறமாகிய வலக்கரைப் பாறையில் போய் மோதும். ஒன்றும் செய்யாதிருந்தால் மிதவையும் அங்கேதான் போகும். வழிகாட்டி முனையை வலப்புறப் பாறையை நோக்கியே சாய்த்து, எல்லோரையும் பின்நோக்கித் துடுப்புப் போடச் சொல்வான். பார்ப்பவருக்கு இது விந்தையாக இருக்கும். அஞ்சும் இடத்தை நோக்கியா முனையைத் திருப்புவது? ஆம். ஆபத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதிலிருந்து பின்வாங்குவது, அதற்கு முதுகு காட்டி ஓடுவதினும் பாதுகாப்பானது. மிதவையின் வேகம் குறையும். கோணம் அதனை உட்கரைப் பக்கம் நகர்த்தும். ஆனால் இது வளைவுக்குள் நுழைந்த பிறகு செய்யக்கூடியதன்று. வளைவு கண்ணில் பட்டபோதே தொடங்கியிருக்க வேண்டும். கொந்தளிப்புக்கு மேலே, நீர் அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. உள்ளே சென்ற பின் செய்வன சிறு திருத்தங்களே.

பெரிய அலை வருமிடத்தில் மிதவை நேராக இருத்தல் வேண்டும். குறுக்கே கிடந்தால் கவிழும். இத்தனைக்குப் பிறகும் மிதவை ஒரு பாறையில் பக்கவாட்டாகச் சாய்ந்துவிட்டால் என் செய்வது? மனிதரின் இயல்பு, பாறையைக் கண்டு மறுபக்கம் விலகுவது. அவ்வாறு எல்லோரும் விலகினால் மேலோட்டப் பக்கம் தாழும். அதன்மேல் நீர் ஏறும். மிதவை பாறையோடு ஒட்டிக்கொள்ளும் அல்லது கவிழும். ஆகவே எல்லோரும் பாறைப் பக்கத்துக்கே தாவ வேண்டும். இயல்புக்கு மாறான இச்செயலை, ஒரே சொல்லில், ஒரே நொடியில், எட்டுப் பேரும் செய்தாக வேண்டும். இங்கேதான் சொல்லின் அருமை விளங்குகிறது.

சொல்லின் ஆற்றல்

கட்டளைச் சொற்கள் மிகச் சிலவே. 'ஃபார்வர்டு' என்றால் முன்னே. 'பேக்' என்றால் பின்னே. 'ஸ்டாப்' என்றால் நிறுத்து. 'லெஃப்ட் பேக்' என்றால் இடப்புறத்தார் பின்னும் வலப்புறத்தார் முன்னும் போட, மிதவை இடப்புறம் திரும்பும். 'கெட் டவுன்' என்றால் உள்ளே இறங்கிக் கயிற்றைப் பற்றுக. சொல் வாயினின்று புறப்பட்டு, காதில் விழுந்து, கருத்தில் பதிந்து, துடுப்பாக நீரில் இறங்க இரண்டு மூன்று நொடிகள் ஆகின்றன. அதற்குள் மிதவை பல அடி சென்றுவிடும். எனவே வழிகாட்டி, இப்போது வேண்டியதைச் சொல்லாமல், இன்னும் சிறிது நேரத்தில் வேண்டப்போவதைச் சொல்கிறான். ஓயாமல் கத்துகிறவன் சொல்லை எவரும் கேட்பதில்லை. குரல் உயர வேண்டிய இடத்தில் உயர்வதற்கு, மற்ற இடங்களில் அது தாழ்ந்திருக்க வேண்டும்.

சென்ற பருவத்தில் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் மிதவையில் ஏறியது. அமைதியான நீரில் கட்டளைகளைப் பழக்கினோம். 'ஃபார்வர்டு' என்றதும் எல்லோரும் ஒழுங்காகப் போட்டனர். 'பேக்' என்றதும், முன்வரிசையில் இருந்த அத்தை ஒருவர் துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "பையை வண்டியிலேயே வைத்துவிட்டேனே தம்பி! அதை எடுத்துவர வேண்டுமா?" என்றார். மிதவை முழுவதும் சிரித்தது, அத்தையும் சிரித்தார். "அத்தை, முன்னே, பின்னே, நிறுத்து என்று தமிழிலேயே சொல்கிறோம், சரிதானே?" என்றோம். "அப்படிச் சொல், எத்தனை தூரம் வேண்டுமானாலும் போடுகிறேன்" என்றார். அன்றைக்கு அந்த மிதவையில் மிகவும் ஒழுங்காகத் துடுப்புப் போட்டவர் அவரே.

இதனை நகைச்சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. அமைதியான நீரில் பிறழ உணர்ந்த சொல் சிரிப்பைத் தரும். கொந்தளிப்பில் அதுவே உயிருக்கு இடையூறாகும். ஏறியவர் எவராயினும், அவருக்கு விளங்கும் மொழியில், கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக்கிய பின்னரே முதல் ரேபிட்டுக்குள் செல்ல வேண்டும்.

நீரில் விழுந்தால்

எவ்வளவு திறமையிருந்தாலும் ஒரு நாள் எவரேனும் நீரில் விழுவர். கரையிலேயே அதற்கான பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். விழுந்தவர் மல்லாந்து படுத்து, கால்களைக் கீழோட்டப் பக்கம் நீட்டி, கால்விரல்கள் நீருக்குமேல் தெரியும்படி மிதந்து செல்ல வேண்டும். பாறை வந்தால் கால் தாங்கிக்கொள்ளும். வேகமான நீரில் எழுந்து நிற்க ஒருபோதும் முயலக்கூடாது. பாதம் கற்களுக்கிடையே சிக்கினால், இடுப்பளவு நீரே ஆளை முன்னே சாய்த்து அமிழ்த்திவிடும். நீந்தத் தெரிந்தோர் பலர் உயிரிழப்பது இதனாலேயே.

காப்பாற்றுவதற்கென்று பைக்குள் திணித்த கயிறு ஒன்று மிதவையில் இருக்கும். நீளம் பெரும்பாலும் 15 முதல் 20 மீட்டர். முதலில் குரல் கொடுத்து விழுந்தவரை நம்மைப் பார்க்கச் செய்து, பிறகு பை அவரைத் தாண்டி விழும்படி எறிய வேண்டும். கயிறு அவர் மார்பின்மேல் வந்து விழும். அவர் கயிற்றைப் பற்ற வேண்டுமேயன்றிக் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது. இதனைக் கரையில் நின்று நூற்றுக்கணக்கான முறை எறிந்து பழகினோம்.

அடுத்தது, மிதவையை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சி. எங்களுள் ஒருவர் கல்லூரி மாணவி, மெலிந்த உடலினர். "இவரால் ஆகுமா?" என்று கரையில் நின்றவர்கள் பேசிக்கொண்டனர். அவர் கவிழ்ந்த மிதவையின்மேல் ஏறினார். மறுபக்கத்து விளிம்பில் மாட்டிய பட்டையைப் பற்றினார். ஓரத்தில் நின்று உடல் முழுவதையும் பின்னே சாய்த்தார். அத்துணைப் பெரிய மிதவை மெல்ல எழுந்து, புரண்டு, நிமிர்ந்தது. வலிமையைவிட நிற்குமிடமும் சாயும் முறையுமே வேலை செய்கின்றன என்பதை அன்று நாங்கள் அனைவரும் கண்டோம்.

இவற்றோடு முதலுதவியும், மூச்சு நின்றவருக்கு மார்பை அழுத்தி உயிரூட்டும் முறையும் கட்டாயப் பாடங்கள். காப்பாற்றப் புகுவோன் முதலில் தன்னையும், அடுத்துத் தன் தோழரையும், அதன்பின் ஆபத்திலிருப்பவரையும் எண்ண வேண்டும் என்பது விதி. கேட்பதற்குத் தன்னலமாகத் தோன்றும். ஆனால் அவனும் மூழ்கினால், காப்பாற்றப்பட வேண்டியவர் இருவராகிவிடுகின்றனர்.

வேண்டாம் என்னும் சொல்

கங்கையில் மிதவைப் பயணம் பெருகியபோது, ஒழுங்கின்மையும் உடன் வளர்ந்தது. 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், உரிய விதிகளை அரசு வகுக்கும் வரை இப்பயணங்களை நிறுத்தி வைக்குமாறு ஆணையிட்டது. பலருடைய பிழைப்பு இதில் அடங்கியிருந்தும் அவ்வாணை பிறந்தது என்றால், உயிரின் பாதுகாப்பு எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது விளங்கும்.

ஒரு மே மாதக் காலையில் நாங்கள் சிவபுரிக் கரையில் நின்றுகொண்டிருந்தோம். அடையாளக் கல் நீருள் மறைந்திருந்தது. நீர் கலங்கி, மரத்துண்டுகளைச் சுமந்து வந்தது. வெகு தொலைவிலிருந்து வந்த எண்மர் முன்பணம் கட்டிக் காத்திருந்தனர். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் இருந்தான். பைஜி சிறிது நேரம் ஆற்றைப் பார்த்தார்; "இன்று வேண்டாம்" என்றார். வந்தவர்கள் வாதாடினார்கள், கோபித்தார்கள், "பயமா?" என்று கேட்டார்கள். அவர் பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தார். பின்னர் எங்களிடம் அவர் சொன்னது இது: "வாங்கிய பணத்தை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தத் தாயிடமிருந்து வாங்கிய பிள்ளையை, வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும்."

அன்று மிதவை நீரில் இறங்கவே இல்லை. எனினும், எங்கள் பயிற்சியில் சிறந்த நாள் அதுவே. குடித்துவிட்டு வருபவரை ஏற்ற மறுப்பதும், மிதவைச் சட்டையின் வார் தளர்ந்தவரை மீண்டும் கட்டச் செய்வதும், 'தி வால்' போன்ற இடத்தில் அஞ்சுபவரைக் கேலி செய்யாமல் கரைவழியே நடத்தி அழைத்துப் போவதும் இதே கல்வியின் பகுதிகளே.

நம் காலனிக்குச் சில விண்ணப்பங்கள்

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இக்கலையைக் கற்க விரும்பினால், தடுத்துவிட வேண்டாம். ஒழுங்காகக் கற்கச் செய்யுங்கள். முதலில் நீச்சல், அடுத்து முதலுதவி, அதன்பின் அனுமதி பெற்ற ஆசிரியரிடம் பயிற்சி. சில நாட்கள் வகுப்பில் இருந்துவிட்டால் வழிகாட்டியாகிவிட முடியாது. பல நீர்மட்டங்களில், ஆசிரியர் அருகிருக்க, பல முறை சென்று வர வேண்டும். ஆற்றைப் பொறுமையாகப் பார்க்கக் கற்ற பிள்ளை, வாழ்க்கையிலும் அவசரப்படுவது குறைவாக இருக்கும் என்று நம்புகிறோம்.

பயணியாகச் செல்வோர் ஏறுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். வழிகாட்டிக்கு அனுமதி உண்டா? மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் உடலுக்குப் பொருந்துகின்றனவா? உடன் வரும் காவல் படகோ இன்னொரு மிதவையோ உண்டா? இன்று நீர் எப்படி இருக்கிறது? நான்காம் கேள்விக்கு ஆற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு விடை சொல்பவரோடு செல்லுங்கள். பாராமலே "ஒன்றும் ஆகாது" என்பவரோடு செல்லாதீர்கள்.

மிதவையில் ஏறவே விரும்பாத தாய்மார்களுக்கும் இக்கல்வியில் பங்கு உண்டு. ஹரித்துவாரத்தில் நாம் நீராடும் படித்துறை நீர், 1854-இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய்க்குச் செல்லும் நீராகும். மேலே அமைதியாகத் தோன்றினாலும் இழுப்பு மிகுந்தது. படிகளில் பாசி வழுக்கும். ஊரிலிருந்து வருவோருக்கு இதனை முதலிலேயே சொல்லுங்கள். சங்கிலியைப் பற்றிக்கொண்டே நீராடச் செய்யுங்கள். எவரேனும் அடித்துச் செல்லப்பட்டால், பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, புடவை, மூடிய காலிக் குடம், எது கைக்கு அகப்படுகிறதோ அதனை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள்.

ஆகவே சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. கோடை விடுமுறையில் உறவினர் வரத் தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் காலனி மைதானத்திலேயே முதலுதவிக்கும் கயிறு எறியும் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்தல் வேண்டும். நாங்கள் ஐவரும் கயிற்றோடு வந்து நிற்போம். பிள்ளைகளுடன் பாட்டிமாரும் வந்து ஒரு முறை எறிந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.